இருவர் போகும் வண்டிக்கு எந்த நிற ஹெல்மெட் எடுப்பது?

திண்டிவனத்தான்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஹெல்மெட் வாங்க வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவிக்கு. காலையில் அவரைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போகிறேன். அவர் ஆசிரியை. மாலையில் இருவரும் சேர்ந்து திரும்பும்போது பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடுகிறது. பாதி தூரம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, மீதி ஏரிக்கரையை ஒட்டிப் போகும் கிராமத்துச் சாலை. அங்கே தெருவிளக்கு பெயருக்குத்தான்.

கடையில் நான்கு நிறம் காட்டினார்கள்: மேட் கறுப்பு, வெள்ளை, ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு. விற்பனைப் பையன் கேட்காமலேயே கறுப்பை எடுத்து நீட்டுகிறான், அதுதான் நன்றாகப் போகிறதாம். மஞ்சள் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. சாலை போடுகிறவர்கள் அணிவது போல இருக்கிறது என்கிறார். ஐஎஸ்ஐ முத்திரை, அளவு, தாடைப்பட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. நிறம் ஒன்றுதான் பாக்கி. இருவர் போகும் வண்டிக்கு எது நல்லது? இருவருக்கும் ஒரே நிறம் எடுக்கலாமா?

பழைய புல்லட்

தம்பி, இடிக்கிறவன் நிறம் பார்த்து இடிப்பதில்லை. கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு, நீங்கள் தலையில் தீவட்டி கட்டிக்கொண்டு போனாலும் தெரியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் தானாகவே எரிகிறது. எதிரே வருகிறவனுக்கு அதைவிடப் பளிச்சென்று வேறென்ன தெரிய வேண்டும்? கறுப்பை வாங்குங்கள், அழுக்கு தெரியாது. மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

இயற்பியல் வாத்தியார்

புல்லட் ஐயா சொல்வதில் முன்விளக்கு பற்றிய பகுதியை ஏற்கிறேன். அதைத் தாண்டி ஒரு சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1993 முதல் 1996 வரை விபத்தில் காயமடைந்த மோட்டார் சைக்கிள் ஓட்டிகளையும், அதே சாலைகளில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 24 சதவீதம் குறைவு. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. பகலில் முன்விளக்கு போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. வண்டியின் நிறத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. சிவப்பு வண்டி கண்ணில் படும் என்று கூடுதல் பணம் கொடுக்கிறவர்கள் கவனிக்கவும்.

பழைய புல்லட்

வாத்தியாரே, வெள்ளை ஹெல்மெட் வாங்குகிறவன் இயல்பிலேயே நிதானமானவனாக இருப்பான். நிதானம் காப்பாற்றியதை ஹெல்மெட்டின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இயற்பியல் வாத்தியார்

நியாயமான சந்தேகம். வயது, மது போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு வந்த எண்கள்தான் அவை. ஆனாலும் மனிதனின் சுபாவத்தை முழுவதும் கழித்துவிட முடியாது என்பது உண்மை. அதனால் வெள்ளை போட்டால் 24 சதவீதம் பத்திரம் என்று நான் எழுதித்தர மாட்டேன். ஒரே விலையில் ஒரே தரத்தில் கறுப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது கறுப்பை எடுக்க ஒரு காரணம் சொல்லுங்கள், போதும். அழுக்குத் தெரியாது என்பதைத் தவிர.

பின்னிருக்கைக்காரி

இந்த விவாதம் முழுவதும் ஓட்டுகிறவரின் தலையைச் சுற்றியே போகிறது. கேள்வி இருவர் போவதைப் பற்றி அல்லவா?

வண்டியில் இருவர் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வருகிறவருக்கு ஓட்டுகிறவர் தெரிவாரா? என் கணவர் முதுகில் ஒளிப்பட்டை வைத்த ஜாக்கெட் போடுகிறார். நான் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பட்டை என் கைப்பைக்குப் பின்னால் மறைந்துவிடும். பின்னால் வரும் வண்டிக்கு என் தலை, என் முதுகு, சில நாள் காற்றில் பறக்கும் என் துப்பட்டா, இவைதான் தெரியும். முன்னிருந்து பார்த்தால் இதற்கு நேர்மாறு. அவர் தெரிவார், நான் மறைந்துவிடுவேன்.

ஆனால் நம் வீடுகளில் வழக்கம் என்ன? ஓட்டுகிறவருக்கு நல்ல முழுமுக ஹெல்மெட். பின்னால் உட்காருகிறவருக்குப் போலீஸ்காரர் நிறுத்தினால் காட்டுவதற்கு ஒரு கறுப்புச் சட்டி. சட்டம் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது அபராதம் ஆயிரம் ரூபாய். 2022இல் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. அதில் 14,337 பேர் ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பளிச்சென்ற நிறம் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது உங்கள் மனைவியின் தலைக்குப் போகட்டும்.

திண்டிவனத்தான்

சகோதரி, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நல்லதை எனக்கும் சுமாரானதை அவருக்கும் எடுக்கும் எண்ணம் இல்லை, இரண்டும் ஒரே தரம்தான். இருந்தாலும் முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம் என்று யோசிக்கலாம் போலிருக்கிறது.

டாரஸ் டிரைவர்

நான் கனரக வண்டி ஓட்டுகிறவன். நீங்கள் சொல்லும் அதே சாலையில்தான் பாதி வாழ்க்கை. கேபினிலிருந்து எங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

கார்க்காரர் உங்களை நேர்மட்டத்தில் பார்க்கிறார். நாங்கள் மேலிருந்து பார்க்கிறோம். பைக் நெருங்கிவிட்டால் டெயில் லைட் எங்கள் கண்ணாடிக்குக் கீழே போய்விடும். அப்போது தெரிவது இரண்டு தலை, இரண்டு ஜோடித் தோள். அந்தத் தலைகளுக்குப் பின்னணியாக எங்களுக்குத் தெரிவது வானமோ மரமோ அல்ல, தார்ச்சாலை. கறுப்புத் தார்மேல் இரண்டு கறுப்புத் தலை, அதிலும் மழை பெய்து சாலை நனைந்திருந்தால், வைப்பர் ஒரு முறை வந்து போவதற்குள் கண்ணுக்குத் தப்பிவிடும். வெள்ளையோ ஆரஞ்சோ என்றால் ஓரக்கண்ணிலேயே படும். மழைநாளில் உங்கள் ஒளிரும் சட்டை எல்லாம் ரெயின்கோட்டுக்குள் போய்விடுகிறது, அப்போதும் வெளியே இருப்பது ஹெல்மெட் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று. கேபினுக்கு இடப்பக்கம், முன்சக்கரத்தை ஒட்டி ஓர் இடம் இருக்கிறது. அங்கே வந்து நின்றால் எந்த நிறமும் எனக்குத் தெரியாது. சிக்னலில் இடப்பக்கச் சந்தில் நுழைந்து லாரியின் மூக்குக்குக் கீழே நிற்கும் பழக்கத்தை விடுங்கள். என் பக்கக் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் எனக்குத் தெரியவில்லை.

பழைய புல்லட்

டிரைவர் தம்பி சொல்வதைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தார்ச்சாலைக் கணக்கு எனக்குப் புதிது.

நீலகிரிக் குளிர்

வெள்ளைதான் சிறந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் குன்னூர்ப் பக்கம் ஒரு டிசம்பர் காலையில் வந்து பாருங்கள். பனிமூட்டத்தில் வெள்ளை ஹெல்மெட் கரைந்துவிடுகிறது. பத்தடி முன்னால் போகும் வண்டியில் தலையில்லாத இருவர் உட்கார்ந்திருப்பது போலிருக்கும், கொஞ்சம் பயமாகவே இருக்கும். இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. ஒளிரும் மஞ்சள் என்று விற்பது உண்மையில் மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த நிறம். தேயிலைத் தோட்டத்தில் வெயில் அடிக்கும்போது தளிர் இலை முழுக்க அந்தச் சாயல்தான். வளைவில் எதிரே வரும் மஞ்சள் ஹெல்மெட், பின்னணியோடு ஒரு நொடி கலந்து பிறகுதான் பிரிகிறது. ஆரஞ்சு அப்படிக் கலப்பதில்லை. பச்சைக்குள் இயற்கையில் அந்த நிறம் அதிகம் கிடையாதே.

நானும் அக்காவும் வண்டியில் போகும்போது ஓட்டுகிறவர் யாரானாலும் பின்னால் இருப்பவருக்கு ஆரஞ்சு. கொண்டை ஊசி வளைவுகளில் மேலிருந்து இறங்கி வரும் பஸ் டிரைவருக்குக் கீழ் வளைவில் நாங்கள் வருவது தெரிய வேண்டும்.

இயற்பியல் வாத்தியார்

நீலகிரிக்காரர் சொன்னதும் லாரி ஓட்டுநர் சொன்னதும் ஒரே விஷயத்தின் இரு முனைகள். நிறம் தனியாகக் கண்ணில் படுவதில்லை, பின்னணியோடு அதற்குள்ள வேறுபாடுதான் படுகிறது. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், கடைகளும் பலகைகளும் நிறைந்த நகரச் சாலைகளில் வெள்ளை உடையும் ஒளிப்பட்டை உடையும் அணிந்த ஓட்டிகள் எளிதில் கண்ணில் பட்டார்கள். வெட்டவெளியில், பின்னால் வெளுத்த வானம் மட்டும் இருந்தபோது கறுப்பு உடைதான் எடுப்பாகத் தெரிந்தது. புல்லட் ஐயா மகிழலாம்.

அடுத்து நேரம். ஒளிரும் நிறங்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி, தன் நிறத்திலேயே வெளியே விடுகின்றன. அதனால்தான் விழுகிற வெளிச்சத்தைவிட அதிகமாக ஒளிர்வது போலத் தோன்றுகிறது. மேகமூட்டத்திலும் சூரியன் சாய்ந்த நேரத்திலும் இந்த வேலை நன்றாக நடக்கும். சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் நடக்காது. அப்போது அது சாதாரண வெளிர் நிறம், அவ்வளவுதான்.

சிவப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், மிகக் கூர்மையாக இருக்கிறது. இருட்டில் அது 507க்கு, நீலம் கலந்த பச்சைக்கு நகர்ந்துவிடும். மாலையில் செம்பருத்திச் செடியருகே நின்று பாருங்கள். வெளிச்சம் குறையக் குறைய இலை தெரிந்துகொண்டே இருக்கும், பூ கறுத்துப்போகும். சிவப்பு ஹெல்மெட்டுக்கும் அதே கதிதான். விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பும் உங்களுக்கு அது வேண்டாம்.

திண்டிவனத்தான்

அப்படியானால் முழு இருட்டில்? ஏரிக்கரைச் சாலையில் எந்த நிறம் உதவும்?

இயற்பியல் வாத்தியார்

எந்த நிறமும் பெரிதாக உதவாது. அங்கே ஒளிப்பட்டைதான் வேண்டும். சாலையோர எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கிறதே, விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் அந்தப் பட்டை. அதிலும் ஒரு நுணுக்கம். ஒழுங்காகத் தாழ்ந்த ஒளியில் வரும் காரின் வெளிச்சம் சாலையை நோக்கிச் சரிந்திருக்கும். தூரத்தில் இருக்கும்போது உங்கள் தலை உயரத்துக்கு மிகக் குறைவாகத்தான் எட்டும். ஆகவே ஹெல்மெட் உச்சியில் ஒட்டுவதைவிடப் பின்புறம் கழுத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் ஒட்டுங்கள். கூடவே பின்பக்க மட்கார்டிலோ பெட்டியிலோ ஒரு பட்டை இருக்கட்டும்.

டாரஸ் டிரைவர்

தாழ்ந்த ஒளியா? எங்கள் சாலையில் அப்படி ஒன்றைப் பார்த்து நாளாகிவிட்டது, வாத்தியாரே. எதிரே வருகிறவன் உயர்ந்த ஒளியில் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில்தான் நடுவே போகும் பைக் எங்களுக்கு மறைந்துபோகிறது. நிறம் எல்லாம் செத்துவிடும், நிழல்கூடத் தெரியாது. அப்போது எங்கள் விளக்கு பட்டுத் திரும்பி மின்னும் பட்டை ஒன்று இருந்தால் உயிர் பிழைக்கும். பெரிதாக வேண்டாம், உள்ளங்கை அகலம் போதும்.

பாரிஸ் பொடியன்

இங்கே பிரான்சில் அது சட்டமாகவே இருக்கிறது. ஹெல்மெட்டின் முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கமும் ஒளிப்பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பல பேர் அழகு கெடுகிறது என்று உரித்துவிடுவார்கள், அது வேறு கதை. 2016 தொடக்கத்திலிருந்து ஒளிரும் மேலங்கி ஒன்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும், வண்டி பழுதாகிச் சாலையோரம் நின்றால் அணிவதற்கு. நான் ஸ்கூட்டரில் மனைவியோடு போகும்போது மேலங்கியை அவர்தான் அணிந்துகொள்கிறார். பின்னிருக்கைக்காரி சொன்ன அதே காரணம்.

மதுரை ஹெல்மெட் கடை

கடைக்காரன் பேசினால் விற்கத்தான் பேசுகிறான் என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

ஏன் கறுப்பை முதலில் நீட்டுகிறோம் என்றால், பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். இருப்பில் அதுதான் அதிகம். வெள்ளையைக் காட்டினால் "போக்குவரத்துப் போலீஸ் மாதிரி இருக்கிறது" என்பார்கள். ஆரஞ்சைக் காட்டினால் "சாப்பாடு கொண்டுவருகிறவர் என்று நினைத்துவிடுவார்கள்" என்பார்கள். பெண்களுக்கு எடுக்க வரும் ஆண்கள் பிங்க் நிறத்தில் பூப்போட்டதை எடுக்கிறார்கள். அணியப்போகிறவர் கூட வந்திருக்க மாட்டார்.

ஒளிரும் நிறத்தில் ஒரு குறை உண்டு. வெயில் அதைத் தின்றுவிடும். வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டு நாள்முழுக்க வெயிலில் நிறுத்துகிறவர்களின் மஞ்சள் ஹெல்மெட், கொஞ்ச காலத்தில் பழைய எலுமிச்சம்பழத் தோல் போல வெளுத்துவிடும். வெள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. ஈரத்துணியும் இரண்டு சொட்டு ஷாம்பூவும் போதும், வெயிலில் சூடும் குறைவாக ஏறும். மேட் பூச்சில் எண்ணெய்க் கை பட்டால் கறை போகாது. கறுப்பில் அழுக்குத் தெரியாது என்பது மேட் கறுப்புக்குப் பொருந்தாது, புல்லட் ஐயா.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் கறுப்பு ஹெல்மெட்டை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் இறங்காதீர்கள். விலை குறைந்த ஹெல்மெட்டுகளின் ஓடு பிளாஸ்டிக் வகை. பெயிண்டிலும் தின்னரிலும் இருக்கும் கரைப்பான் அதை உள்ளுக்குள் பலவீனமாக்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பெட்ரோல் துணியால் துடைப்பதும் அதே தீங்குதான். ஒளிப்பட்டை ஒட்டலாம், ஆனால் நல்ல பட்டையாக வாங்கி அதன் சொந்தப் பசையோடு ஒட்டுங்கள். உடனடிப் பசையைத் தடவி ஒட்டாதீர்கள்.

திண்டிவனத்தான் (எழுதுவது அவர் மனைவி)

இவர் எனக்கு இந்த இழையைக் காட்டினார். படித்துவிட்டு நானே பதில் எழுதுகிறேன்.

மஞ்சள் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு சாலைப் பணியாளர் தோற்றம் மட்டும் காரணமில்லை. எங்கள் ஏரிக்கரைச் சாலையின் இருபுறமும் நெல் வயல். பயிர் பழுக்கும் பருவத்தில் எல்லாமே அந்த நிறத்தில்தான் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதியவர் சொன்னதைப் படித்த பிறகு என் மறுப்புக்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

எனக்கு ஆரஞ்சு. சாப்பாடு கொண்டுவருகிறவர் என்று நினைத்தால் நினைக்கட்டும், பள்ளி வாசலில் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். இவருக்கு வெள்ளை. முன்னால் விளக்கு இருக்கிறது, பனி எங்கள் ஊரில் மார்கழியில் சில நாள்தான். இரண்டிலும் பின்பக்கம் கீழே ஒளிப்பட்டை. இவர் ஹெல்மெட்டிலும் ஏன் என்றால், என்னை இறக்கிவிட்ட பிறகு இவர் தனியாகத்தானே போகிறார்.

இனி என் கேள்விகள். கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொள்கிறது, பின்னல் போட்டால் பட்டை கீழே மறைகிறது. என்ன செய்வது? நான் புடவையில் ஒரு பக்கமாக உட்காருகிறேன். அப்போது என் ஹெல்மெட்டின் பின்புறம் பின்னால் வருகிறவரை நேராகப் பார்க்காது அல்லவா? மூன்றாவது, எங்கள் மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவில் உட்காருகிறாள்.

பின்னிருக்கைக்காரி

வாருங்கள் டீச்சர்! கொண்டை வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் தலையில் உட்காராவிட்டால் நிறத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? தாழ்வாக ஒரு பின்னல் போட்டு அதை முன்பக்கம் தோள்வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டையும் மறையாது, பின்சக்கரத்திலும் சிக்காது. முந்தானைக்கும் இதே கவனம் வேண்டும், இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாக உட்காருவதைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உடல் இடப்பக்கம் திரும்பியிருப்பதால் பின்னால் வருகிறவருக்கு உங்கள் ஹெல்மெட்டின் பின்புறத்தைவிட இடப்பக்கம்தான் அதிகம் தெரியும். அதனால் இடது காதுக்குப் பின்னால் இன்னொரு பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் சுடிதாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே நல்லது, வண்டியும் ஆடாது. பள்ளியில் அனுமதிப்பார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

டாரஸ் டிரைவர்

குழந்தையை நடுவில் உட்காரவைத்தால் வண்டியில் மூன்று பேர். அதற்குச் சட்டத்தில் இடமில்லை, டீச்சரம்மா. சொல்ல வேண்டியது என் கடமை.

மதுரை ஹெல்மெட் கடை

டிரைவர் சொன்னது சரி. மகளை அழைத்துப் போவதானால் பெரியவர் ஒருவர் மட்டும் ஓட்டட்டும். நான்கு வயதைத் தாண்டிவிட்டால் அவளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக எடுக்காதீர்கள். அவளையே கடைக்கு அழைத்துப் போய், போட்டுப் பார்த்து, தலையை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். நிறத்தை அவளே எடுக்கட்டும். கறுப்பை மட்டும் நீங்கள் முன்கூட்டியே ஒளித்துவிடச் சொல்லுங்கள்.

பழைய புல்லட்

என் வீட்டுக்காரி இந்த இழையை வாசித்துவிட்டாள். எனக்கும் ஒரு வெள்ளை எடுத்து வைக்கவும், கடைக்காரரே. பெரிய அளவு. அவளுக்கு ஆரஞ்சு இருக்கிறதா?